ஐ5-9600கே: 4.9 கிகாஹெர்ட்ஸில் வோல்டேஜ் ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேங்குது

கத்திரிவெயில் | 26 மே 2019, இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா தூக்கம் இல்லை, அதான் இங்கே வந்து கொட்டறேன்.

ப்ராசசர் ஐ5-9600கே, இசட்390 மதர்போர்டு (கம்பெனி பேரைச் சொன்னா சண்டை வரும், நடுத்தர விலைன்னு வெச்சுக்கங்க), 240 மிமீ வாட்டர் கூலர், 16 ஜிபி ராம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). எல்லாம் போன மாசம் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் வாங்கினது. கேஸ் கண்ணாடிப் பக்கம் வெச்சது, உள்ளே வெள்ளையும் சிவப்புமா ஒயர் போட்டு கல்யாண வீடு மாதிரி வெச்சிருக்கேன். போட்டோ இணைச்சிருக்கேன்.

ஓவர்கிளாக் பண்றேன், அதாவது கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டறேன். மல்டிப்ளையர் 49 (4.9 கிகாஹெர்ட்ஸ்), விகோர் (ப்ராசசர் கோருக்குப் போற வோல்டேஜ்) 1.300 ஃபிக்ஸட். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது 1.296 காட்டுது. பிரைம்95 (ப்ராசசரைக் கசக்கிப் பிழியற டெஸ்ட் மென்பொருள்) ஓட விட்டதும் 1.184-க்கு விழுது. அப்புறம் 1.200, 1.184, 1.216-னு ஊஞ்சல் ஆடுது. மூணு நாலு நிமிஷத்தில் நீலத் திரை. சில நேரம் நீலத் திரைகூட இல்லை, பொசுக்குன்னு கருத்துப் போய் ரீஸ்டார்ட்.

1.35 கொடுத்துப் பார்த்தேன், பத்து நிமிஷம் தாங்குச்சு. லோடில் வோல்டேஜ் விழறதைக் குறைக்க எல்எல்சின்னு ஒரு செட்டிங் இருக்கே, அதை 7-ல் வெச்சேன். முன்னைவிட மோசம்!

எங்க ஏரியாவில் ராத்திரி எல்லாரும் ஏசி போட்டதும் கரண்ட் 195 வரைக்கும் இறங்கும். அதுதான் காரணமோன்னு சந்தேகம்.

---

உப்புக்காற்று | 26 மே 2019, இரவு 11.58

ஸ்டெபிலைசர் போடுங்க ப்ரோ. எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கே போட்டிருக்கோம்.

---

பழைய486 | 27 மே 2019, காலை 6.15

தம்பி, ஃப்ரிட்ஜ் வேற, இது வேற. இப்போ வர்ற எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 100-லேர்ந்து 240 வரைக்கும் எது வந்தாலும் வாங்கிக்கிட்டு 12 வோல்ட்டைப் பிசகாம கொடுக்கும். உங்க பெட்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், பாருங்க. சுவரில் 195-ங்கிறது ப்ராசசர் முனையில் 1.184-ஆ வராது. நடுவில் ரெண்டு ஃபேக்டரி இருக்கு: ஒண்ணு எஸ்எம்பிஎஸ், இன்னொண்ணு போர்டில் சாக்கெட்டைச் சுத்தி உட்கார்ந்து, அந்த 12 வோல்ட்டை ப்ராசசருக்கு ஏத்த அளவுக்கு இறக்கிக் கொடுக்கிற விஆர்எம்.

கத்திரிவெயில், நீங்க பார்த்த சரிவுக்குப் பேர் விட்ரூப். அது கோளாறு இல்லை, வேணும்னே வெச்சது. ப்ராசசர் இழுக்கிற கரண்ட் கூடக் கூட வோல்டேஜ் கொஞ்சம் இறங்கணும்னு இன்டெல்லே கணக்குப் போட்டு வெச்சிருக்கு, லோட்லைன்னு சொல்வாங்க. ஒரு மில்லி ஓம் லோட்லைன்னு வெச்சுக்கங்க. 115 ஆம்பியர் இழுத்தா 0.115 வோல்ட் போயிடும். 1.300-ல் கழிச்சா 1.185. உங்க நம்பர் அச்சா அதுதான்.

எதுக்கு இறங்க விடறான்? லோடு திடீர்னு நின்னா வோல்டேஜ் ஒரு கணம் மேலே எகிறும், கிணத்துக் கயிறு அறுந்தா வாளி இழுத்தவன் பின்னால விழற மாதிரி. ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தா அந்த எகிறலுக்கு இடம் இருக்கும். எல்எல்சி அந்தச் சரிவைக் குறைக்கும், ஆனா எகிறலுக்கு இருந்த இடத்தையும் சேர்த்துத் தின்னுடும்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, நீலத் திரையில் என்ன எழுதியிருக்கு? ஈவென்ட் வியூவரில் (விண்டோஸோட பதிவேடு) என்ன பதிவாகியிருக்கு? ரெண்டாவது, உங்க போர்டு மேனுவலில் எல்எல்சி எந்தப் பக்கம் எண்ணுதுன்னு பார்த்தீங்களா? சில கம்பெனிக்கு 8 கடுமை, சில கம்பெனிக்கு 1 கடுமை.

---

கத்திரிவெயில் | 27 மே 2019, இரவு 9.20

அண்ணா, நானே என் தலையில் குட்டிக்கிட்டேன். என் போர்டில் 1-தான் கடுமை. 7-ல் வெச்சது கிட்டத்தட்ட ஒண்ணுமே வெக்காத மாதிரி. ஏத்தறதா நெனச்சு இறக்கியிருக்கேன்.

ஈவென்ட் வியூவரில் எண்ணிப் பார்த்தேன். நீலத் திரைக்கு, கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் நாலு தடவை, வீயா அன்கரெக்டபிள் எரர் ரெண்டு தடவை. கருப்பு ரீஸ்டார்டுக்கு, கெர்னல் பவர் 41 மட்டும், வேற எதுவும் இல்லாம, அஞ்சு தடவை.

---

டர்போ_தளபதி | 27 மே 2019, இரவு 9.31

அட 1-ல போடு தல, 1.40 குடு, ஜாலியா 5.1 அடி. நான் என் பழைய 2500கே-யை ஆறு வருஷம் 4.6-ல ஓட்டினேன், ஒரு மயிரும் ஆகல.

---

பழைய486 | 27 மே 2019, இரவு 9.50

தளபதி, 2500கே 32 நானோமீட்டர், நாலு கோர். 2011-ல் வந்த அந்தச் சிப் மாதிரி பொறுமைசாலியை அதுக்கப்புறம் நான் பார்க்கலை. இது 14 நானோமீட்டர், ஆறு கோர். அதுக்குக் கொடுத்த மருந்தை இதுக்குக் கொடுக்காதீங்க.

---

மின்னல்கொடி | 27 மே 2019, இரவு 10.35

நான் பவர் சப்ளை டிசைன் பக்கம் வேலை பார்க்கிறவள். எல்எல்சி 1 பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

1-ல் போட்டால் மென்பொருளில் 1.30 கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும். பார்க்க மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்த மென்பொருள் வினாடிக்கு ஒரு தடவையோ, ரெண்டு வினாடிக்கு ஒரு தடவையோதான் எட்டிப் பார்க்கிறது. லோடு மாறும்போது நடக்கும் குத்தும் குழியும் மைக்ரோ வினாடிக் கணக்கு. ஆசிலாஸ்கோப் வைத்தால்தான் தெரியும். லோட்லைனை ஒரேயடியாகத் தட்டையாக்கினால் மேலே எகிறுவது மட்டும் இல்லை, கீழே ஆழமாகக் குழி விழுந்து எழுவதும் நடக்கும். "பிரைம் ஒரு மணி நேரம் ஓடியது, நிறுத்தினவுடன் செத்தது" என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று, ஊஞ்சல் ஆடுகிறது என்றீர்களே. 1.184, 1.200, 1.216. வித்தியாசத்தைப் பாருங்கள்: 0.016, 0.016. அது உங்கள் போர்டு சென்சாரின் படிக்கட்டு. அதற்கு நடுவில் உள்ள எண்ணைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. உண்மையான வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் அசைந்தாலும் படி ஓரத்தில் நின்றால் 16 ஆடியதாகக் காட்டும். அந்த ஆட்டத்துக்காகத் தூக்கத்தை விட வேண்டாம்.

சென்சார் எங்கே தொட்டு அளக்கிறது என்பதும் முக்கியம். பல போர்டுகளில் சாக்கெட்டுக்கு வெளியே அளக்கிறார்கள். அதனால் லோடில் சிப்புக்குள் உண்மையில் கிடைப்பது திரையில் தெரிவதைவிடக் குறைவு.

நடுவில், 3-ல் வையுங்கள். லோடில் என்ன நிற்கிறதோ அந்த எண்ணை வைத்து மட்டும் பேசுவோம். பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) நீங்கள் எழுதியது வெறும் விண்ணப்பம்.

---

பாலைவனரோஜா | 28 மே 2019, காலை 10.05

இடையில் புகுந்ததுக்கு மன்னிக்கவும். எனக்கு ஓவர்கிளாக் எல்லாம் இல்லை, சும்மா இருக்கும்போது 0.7 வோல்ட் காட்டுது. பயந்துட்டேன். இதுவும் கோளாறா?

---

பழைய486 | 28 மே 2019, காலை 10.20

இல்லம்மா. வேலை இல்லாதப்போ 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி உங்க ப்ராசசர் தூங்குது. நல்ல பிள்ளை. விட்டுடுங்க.

---

கத்திரிவெயில் | 29 மே 2019, இரவு 10.10

மின்னல்கொடி அக்கா சொன்னபடி எல்எல்சி 3. பயாஸில் 1.300, லோடில் 1.264. அரை மணியில் ஒரு வீயா. 1.320 ஆக்கினேன், லோடில் 1.280. ரிங் ரேஷியோவை (கோர்களை இணைக்கிற ரிங்கோட வேகம்) நான் 47 வெச்சிருந்தேன், கோருக்கும் ரிங்குக்கும் ஒரே வோல்டேஜ்தான்னு படிச்சதும் ஆட்டோவுக்கே விட்டுட்டேன். நீலத் திரை போயே போச்சு! ரெண்டு நாளா ஒண்ணுகூட இல்லை.

ஆனா அந்தக் கருப்பு ரீஸ்டார்ட் மட்டும் இருக்கு. பன்னிரண்டு நிமிஷத்திலேர்ந்து இருபது நிமிஷத்துக்குள்ளே. பொசுக்.

ப்ராசசர் சூடு 84. போர்டில் "மோஸ்"னு ஒரு சென்சார் இருக்கு, அது 104 காட்டுது.

---

டர்போ_தளபதி | 29 மே 2019, இரவு 10.18

104-ஆ! கண்டுபிடிச்சாச்சு. விஆர்எம் வேகுது தல. வாட்டர் கூலர் போட்டவனுக்கெல்லாம் இந்த வியாதிதான். சாதா டவர் கூலர்னா அது ஊதற காத்து அப்படியே விஆர்எம் மேல படும். வாட்டர் கூலர்ல சாக்கெட் மேல பம்பு மட்டும்தான், அந்த இடத்துல ஒரு பொட்டுக் காத்து கிடையாது.

---

பழைய486 | 29 மே 2019, இரவு 10.40

இதில் தளபதி சொல்றது நியாயம். கேஸ் பக்கக் கதவைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சு ஒரு தடவை ஓட்டுங்க. அஞ்சு காசு செலவில்லாத பரீட்சை.

---

கத்திரிவெயில் | 30 மே 2019, இரவு 8.55

டேபிள் ஃபேன் வெச்சேன். மோஸ் 104-லேர்ந்து 81-க்கு வந்துடுச்சு. கையைத் தட்டிக்கிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தா விண்டோஸ் லாகின் திரை. 17-ஆவது நிமிஷம். அழுகையா வருது.

---

மின்னல்கொடி | 30 மே 2019, இரவு 9.30

அழ வேண்டாம். நல்ல செய்திதான் இது.

உங்களுக்கு இருந்தது ஒரு வியாதி இல்லை, ரெண்டு. ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டோம், நானும்தான். நீலத் திரை வந்தால் என்ன அர்த்தம்? "கணக்குத் தப்பிவிட்டது" என்று ப்ராசசர் தெரிந்துகொண்டு, சாகும் முன் எழுதிவைக்கும் அளவுக்கு உயிரோடு இருந்தது. அது விகோர் போதாமை, அதைச் சரிசெய்துவிட்டோம். கருப்பு ரீஸ்டார்டில் கெர்னல் பவர் 41 தவிர ஒன்றுமே இல்லை. அந்த 41-ம் செத்தபோது எழுதினது இல்லை. திரும்பப் பூட் ஆன பிறகு "போன தடவை ஒழுங்காக அணைக்கவில்லையே" என்று விண்டோஸ் எழுதினது. எழுத நேரமே இல்லாமல் யாரோ கரண்டைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

விஆர்எம் சூட்டினால் என்றால் பெரும்பாலும் முதலில் வேகம் குறையும், 800 மெகாஹெர்ட்ஸுக்குத் தள்ளும். உங்களுக்கு அப்படி நடக்கவில்லை. ஆகவே விஆர்எம்முக்கு முன்னால் போங்கள். 12 வோல்ட் எவ்வளவு?

---

கத்திரிவெயில் | 30 மே 2019, இரவு 9.41

மென்பொருளில் 12.096 காட்டுது அக்கா. லோடிலும் அதேதான், அசையலை.

---

மின்னல்கொடி | 30 மே 2019, இரவு 9.52

எங்கே அளந்த 12.096? பல போர்டுகளில் அந்த சென்சார் 24 பின் பெரிய ப்ளக்கின் பக்கம் இருக்கும். ப்ராசசருக்குப் போகும் 12 வோல்ட் அந்த வழியே வருவதில்லை. மேல் மூலையில் தனியாக 8 பின் ஒன்று செருகியிருப்பீர்களே, அது வழியாக வருகிறது. அதை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும்.

---

பனங்கொட்டை | 31 மே 2019, அதிகாலை 3.25

கனடாவிலயிருந்து எழுதுறன், நேரம் பிந்தினதுக்கு குறை நினையாதேங்கோ. தம்பி முதல் நாள் போட்ட படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தனான். அந்த 8 பின்னுக்குப் போற வெள்ளை சிவப்பு வயர் எஸ்எம்பிஎஸ்ஸோட வந்தது இல்லைத்தானே? வடிவுக்காகப் போட்ட எக்ஸ்டென்ஷன் எல்லோ? அரை மணித்தியாலம் ஓட விட்டிட்டு, அந்த ப்ளக்கை ஒருக்கால் கையால தொட்டுப் பாருங்கோ. எனக்கும் உதே கதை நடந்தது, என்ர ப்ளக் உருகியே போட்டுது.

---

பழைய486 | 31 மே 2019, காலை 6.30

பனங்கொட்டை ஐயா, உங்க கண்ணுக்குச் சுத்திப் போடணும். நான் அந்தப் போட்டோவை நாலு தடவை பார்த்திருக்கேன்.

கத்திரிவெயில், மீட்டர் வெக்கும்போது கவனம். கருப்புக் கம்பியை கேஸ் இரும்பில் வெச்சுக்கங்க. சிவப்பை 8 பின் ப்ளக்கோட பின்பக்கம், ஒயர் உள்ளே போற ஓட்டை வழியா 12 வோல்ட் முனையில் தொடுங்க. வழக்கமான ஒயரில் அது மஞ்சள், உங்களது கலர் ஒயர், அதனால கலரை நம்பாம போர்டு மேனுவல் படத்தைப் பாருங்க. கை வழுக்கி பக்கத்து முனையைத் தொட்டா ஷார்ட் ஆகிடும். சந்தேகமா இருந்தா அளக்கவே வேண்டாம், எக்ஸ்டென்ஷனைக் கழட்டிட்டு நேரா செருகி ஓட்டிப் பாருங்க. 12 வோல்ட்டுக்கு ஏடிஎக்ஸ் (பிசி பவர் சப்ளைக்கான தரம்) வரைமுறை ப்ளஸ் மைனஸ் 5 சதவீதம், அதாவது 11.40-லேர்ந்து 12.60.

---

கத்திரிவெயில் | 31 மே 2019, இரவு 10.25

கண்டுபிடிச்சாச்சு!!!

சும்மா இருக்கும்போது 12.04. பிரைம் ஓட ஆரம்பிச்சதும் 11.60. பத்து நிமிஷத்தில் 11.21. ப்ளக்கைத் தொட்டேன், விரலை வெக்க முடியலை. அணைச்சுட்டுக் கழட்டினா, எக்ஸ்டென்ஷனும் எஸ்எம்பிஎஸ் ஒயரும் சேர்ற இடத்தில் ஒரு பின் பின்னால தள்ளிப் போயிருக்கு. செருகும்போதே ஒழுங்கா உட்காராம நழுவியிருக்கு. பக்கத்துப் பின் ஓரம் பழுப்பா, தோசை கருகின கலர்.

எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போட்டு நேரா செருகினேன். அதே லோடில் 11.93. ஒன்றரை மணி நேரமா ஓடிக்கிட்டிருக்கு, சாகலை.

---

உப்புக்காற்று | 31 மே 2019, இரவு 10.48

சூப்பர் ப்ரோ. ஆனா ஒரு டவுட்டு. விஆர்எம்தான் 12-ஐ 1.3 ஆக்குதே, 11.2 வந்தா என்ன, அது சமாளிக்காதா? விகோர் 1.280-லயேதானே நின்னுச்சு?

---

மின்னல்கொடி | 31 மே 2019, இரவு 11.20

நல்ல கேள்வி, ஸ்டெபிலைசருக்குப் பிராயச்சித்தம் ஆகிவிட்டது.

ஆமாம், சமாளிக்கும். விஆர்எம் என்பது நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிற மதகு. 12-ல் இருந்து 1.3 எடுக்க மொத்த நேரத்தில் 11 சதவீதம் போலத் திறந்திருந்தால் போதும். 11.2 வந்தால் இன்னும் முக்கால் சதவீதம் போலக் கூடுதலாகத் திறந்துகொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் விகோர் எண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. அதை எவ்வளவு ஏற்றி இறக்கியும் இந்த வியாதி பிடிபடாமல் போனதும் அதனால்தான்.

விவகாரம் ப்ளக்கில் இருக்கிறது. ப்ராசசர் 150 வாட் என்று வைத்தால், விஆர்எம் நஷ்டத்தையும் சேர்த்து அந்த ஒயரில் சுமார் 14 ஆம்பியர் ஓடும். 11.93-க்கும் 11.21-க்கும் இடைவெளி 0.72 வோல்ட். 14-ஆல் வகுத்தால் 0.05 ஓம். நல்ல ப்ளக்கில் இருக்கவே கூடாத எண் அது. 0.72-ஐ 14-ஆல் பெருக்கினால் 10 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை ப்ளக்குக்குள் வைத்துத் தைத்த மாதிரி. சூடானால் தொடர்பு இன்னும் மோசமாகும், மோசமானால் இன்னும் சூடாகும். பன்னிரண்டு நிமிஷம், பதினேழு நிமிஷம் என்று நேரம் எடுத்துக்கொண்டதன் ரகசியம் இதுதான்.

மீட்டர் காட்டிய 11.21 சராசரி. லோடு சட்டென்று ஏறும் கணத்தில் அதற்கும் கீழே போயிருக்கும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் விஆர்எம் கன்ட்ரோலர் தன் பாதுகாப்புக்காகக் கதவை மூடிவிடும். பொசுக்.

---

டர்போ_தளபதி | 31 மே 2019, இரவு 11.34

அக்கா வகுப்பு எடுத்தா பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்து கேட்கலாம் போல இருக்கு. விஆர்எம்னு கத்தினதுக்கு மன்னிப்பு. ஆனா அந்த 104-ஐ அப்படியே விடாத தல, மேல ஒரு சின்ன ஃபேன் மாட்டு.

---

கத்திரிவெயில் | 2 ஜூன் 2019, மாலை 5.15

மாட்டிட்டேன். கடைசி நிலவரம் எழுதிடறேன், பின்னால யாராவது தேடி வந்தா உதவும்.

4.9-க்கு லோடில் 1.280 கேட்குது. அறையில் 36 டிகிரி இருக்கும்போது ப்ராசசர் 88 வரைக்கும் போகுது. 4.8-க்கு 1.216 போதும், 79-தான். பழைய486 அண்ணா தனிமடலில் ஒரு கணக்குச் சொன்னார்: வாட் என்பது வேகத்தோடு நேராவும், வோல்டேஜோட வர்க்கத்தோடும் ஏறும். 100 மெகாஹெர்ட்ஸ் ஏத்தினா வேகம் 2 சதவீதம் கூடுது, வாட் 13 சதவீதம் கூடுது. அந்த 2 சதவீதத்தை எந்த கேமிலும் என் கண்ணால் பார்க்க முடியலை. 4.8-ல் வெச்சுட்டேன். ஏவிஎக்ஸ் ஆஃப்செட் (கனமான கணக்கு வந்தா வேகத்தை இறக்கற செட்டிங்) 0.

எஸ்எம்பிஎஸ்ஸோட வந்த ஒயர் கருப்புதான். கேஸ் இப்போ கல்யாண வீடு மாதிரி இல்லை, பரவாயில்லை.

---

புதுவரவு13 | 9 நவம்பர் 2024, பிற்பகல் 2.40

ஐந்து வருஷத்துக்கு முந்தைய இழையைத் தோண்டி எடுத்ததுக்கு மன்னிக்கவும். என்னிடம் ஐ9-13900கே இருக்கு, இதுவரை ஒழுங்காத்தான் ஓடுது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்கள் கெட்டுப்போறது பற்றி இந்த வருஷம் வந்த செய்திகளைப் படிச்சுப் பயம். இங்கே சொன்ன எல்எல்சி, விகோர் வேலையெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

---

பழைய486 | 9 நவம்பர் 2024, இரவு 7.05

பொருந்தாது. இங்கே வோல்டேஜ் போதாம தவிச்சோம், அங்கே வோல்டேஜ் அதிகமாகி உள்ளே சேதம் ஆகுது. மைக்ரோகோடு (ப்ராசசருக்குள்ளேயே ஓடற நிரல்) தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டிருக்கு. கோருக்குள்ளே கிளாக் போற சர்க்யூட் ஒண்ணு அதனால சீக்கிரம் கிழடாகிடுதுன்னு இன்டெல்லே செப்டம்பரில் விளக்கம் கொடுத்தது. ஆகஸ்டில் 129-னு முடியற மைக்ரோகோடு வந்தது, அது வோல்டேஜ் கேக்கறதை 1.55-க்கு மேல போக விடாது. அப்புறம் செப்டம்பரில் 12பி-ன்னு முடியறது வந்தது. உங்க போர்டு கம்பெனி தளத்தில் 12பி உள்ள பயாஸை எடுத்து முதல்ல ஏத்துங்க. பவர் செட்டிங்ஸை இன்டெல் டிஃபால்ட்ல வைங்க. ஏற்கெனவே சேதமான சிப்பை அது குணமாக்காது, ஆனா டப்பாவில் வாங்கின சிப்புக்கு வாரன்டியை மூணு வருஷத்திலேர்ந்து அஞ்சாக்கியிருக்காங்க. பில்லைப் பத்திரமா வைங்க. இப்போதைக்கு ஓவர்கிளாக் நெனப்பே வேண்டாம்.

---

கத்திரிவெயில் | 10 நவம்பர் 2024, இரவு 9.48

இழை மேலே வந்ததைப் பார்த்ததும் சிரிச்சுட்டேன். அந்த 9600கே இப்போ அக்கா பையன் படிக்கிறதுக்குப் போயிருக்கு. எல்லாம் டிஃபால்ட், 4.8-கூட இல்லை. போன மாசம் அவனைப் பார்க்கப் போனேன். பெட்டி ரொம்ப அசிங்கமா இருக்கு மாமா, வெள்ளையும் சிவப்புமா எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கட்டுமான்னு கேட்கிறான்.